உடைந்த டெயில் லைட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

காரின் இடப்பக்கப் பின்விளக்கு ஒன்றை மாற்ற எனக்கு ஏழு வாரம் ஆனது. மூன்று பழைய லைட் வாங்கினேன். கூரியர் செலவு, எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தது, வெட்டிய வயரை மறுபடி சரிசெய்யக் கொடுத்தது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கம்பெனி ஷோரூமில் புது லைட்டுக்குச் சொன்ன விலையைத் தாண்டிவிட்டது. அந்த விலை கட்டுப்படியாகாது என்றுதான் செகண்ட் ஹேண்ட் தேடவே ஆரம்பித்தேன். பணம் போனது ஒரு பக்கம் வருத்தம். அதைவிட, ஒவ்வொரு தடவையும் பார்சலைப் பிரித்து, இந்தத் தடவை சரியாகிவிடும் என்று நம்பி, சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்து, கடைசியில் இதுவும் இல்லை என்று தெரியும்போது வருகிற சோர்வு இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. முதல் நாளே யாராவது இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டேன். பம்பருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, இடது டெயில் லைட் மட்டும் நொறுங்கிப் போனது. கண்ணாடி உடைந்த இடத்தில் உள்ளே பல்பு வெளியே தெரிந்தது. பிரேக் பல்பு சாதாரண வெள்ளைப் பல்புதான், மேலே இருக்கிற சிவப்பு மூடியால்தான் சிவப்பாகத் தெரிகிறது என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். மூடி போனதும், பிரேக் அழுத்தினால் பின்னால் வருபவருக்கு வெள்ளை வெளிச்சம் அடிக்கும், வண்டி ரிவர்ஸ் வருகிறது என்று அவர் நினைத்துவிடலாம். பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர்கள் உடைந்ததைக் கழற்றி, வயரை உள்ளே சுருட்டிக் கட்டி, ஓட்டையில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, "லைட் வாங்கிட்டு வாங்க சார், அஞ்சு நிமிஷத்துல மாட்டித் தர்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். உடைந்த லைட் அங்கேயே குப்பைக்குப் போய்விட்டது. நானும் கேட்கவில்லை. உடைந்ததை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்றுதான் தோன்றியது. ஏழு வார அலைச்சலின் காரணம் அந்த ஒரு நிமிஷம்தான். எனக்குத் தேவையான எல்லா விவரமும் அந்த உடைந்த பிளாஸ்டிக்கின் பின்பக்கம் எழுதியிருந்திருக்கிறது. என்ன எண், கனெக்டரில் (வயரை லைட்டோடு சேர்க்கும் பிளக்) எத்தனை பின் (உலோக முனை), எந்த பல்பு எந்த இடத்தில், எல்லாமே.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். கார் பெயர், மாடல், வருஷம், "இடது டெயில் லைட்" என்று போட்டேன். நிறைய வந்தது. படத்தில் என் காருடையது மாதிரியே இருந்த ஒன்றை, விவரத்தில் என் காரின் வருஷமும் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கினேன். வந்தது. வடிவம் அப்படியே பொருந்தியது. திருகு போடும் போல்ட்டுகள் கூட அதே ஓட்டைகளில் போய் உட்கார்ந்தன. கனெக்டர் மட்டும் சேரவில்லை. என் காரின் வயரில் இருந்தது ஆறு பின், லைட்டில் இருந்தது நான்கு. உள்ளே பல்புகளுக்குப் பதில் எல்இடி.

பிறகுதான் புரிந்தது. ஒரே பெயரில், ஒரே தலைமுறையில் வருகிற கார்களுக்கே நடுவில் ஒருமுறை முகத்தை மாற்றுவார்கள், ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். பம்பர், கிரில், லைட் இவைதான் பெரும்பாலும் மாறும். உடம்புத் தகரம் அவ்வளவாக மாறாது. அதனால் பின்னால் லைட் உட்காருகிற பள்ளம் பழையதுக்கும் புதியதுக்கும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் உள்ளே மின் அமைப்பு வேறாகிவிடும். என் கார் பதிவான வருஷத்தை நான் பார்த்தேன். கார் தயாரான மாதம் அதற்கு முந்தைய வருஷம். தயாரித்த பிறகு ஷோரூமில் மாதக்கணக்கில் நின்று, அடுத்த வருஷம் பதிவாகியிருக்கிறது. பதிவு வருஷப்படி பார்த்தால் ஃபேஸ்லிஃப்ட், தயாரிப்புப்படி பார்த்தால் பழைய மாடல். ஆர்சி புத்தகத்திலோ கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ தயாரிப்பு மாதம் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு. அதிலும் மாடல் மாறும் மாதங்களை ஒட்டித் தயாரான கார் என்றால் அந்தத் தேதியை மட்டும் நம்பவும் முடியாது. ஒரே மாதத்தில் இரண்டு வகையும் வெளியே வந்திருக்கலாம். இன்னொன்று, ஒரே வருஷத்திலேயே விலை குறைந்த வேரியண்ட்டுக்கு பல்பு, மேல் வேரியண்ட்டுக்கு எல்இடி என்று கொடுப்பார்கள். டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் செடானுக்கும், ஹேட்ச்பேக்குக்கும், ஸ்டேஷன் வேகனுக்கும் ஒரே பெயர் இருக்கும், பின்விளக்கு மட்டும் வேறு வேறாக இருக்கும். ஆக, கார் பெயரும் வருஷமும் சொன்னால் லைட் கிடைத்துவிடும் என்பதே தப்பு.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒரு எலக்ட்ரீஷியன் "கனெக்டர்தானே, வெட்டி ஜாயின்ட் பண்ணிடலாம்" என்றார். எனக்கும் அவசரம், சரி என்றேன். இதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு, இன்னும் மனசு ஆறவில்லை. கம்பெனி போட்ட நல்ல கனெக்டரை வெட்டினார்கள். லைட் எரிந்தது. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் டாஷ்போர்டில் பல்பு எரியவில்லை என்று எச்சரிக்கை வந்தது. இடது இண்டிகேட்டர் போட்டால் படபடவென்று இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தது. இரவில் வண்டியை அணைத்த பிறகும் லைட் மெல்ல மினுக்கிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் போடுகிற சாதாரண பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். எல்இடி அதில் சின்னப் பங்குதான் இழுக்கும். இப்போதைய கார்களில் லைட்டுகளைக் கவனிக்க ஒரு கன்ட்ரோல் பெட்டி இருக்கிறது, இவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். குறைவாகப் போனால் பல்பு போய்விட்டது என்று முடிவு கட்டி எச்சரிக்கை கொடுக்கும், இண்டிகேட்டரை வேகமாக அடிக்கவிடும். பல்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது சின்னதாக ஒரு துடிப்பும் அனுப்பும். பல்பு அதற்கெல்லாம் எரியாது, எல்இடி மினுக்கிவிடும். எல்இடியோடு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, பல்பு அளவுக்கே கரண்ட் போகிற மாதிரி அந்தப் பெட்டியை ஏமாற்றலாம் என்று சொல்வார்கள். ஆனால் அந்த ரெசிஸ்டர் அவ்வளவு கரண்டையும் சூடாக மாற்றித்தான் வெளியே விடும், கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். டிக்கி ஓரத்தில், வயர்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. சில கார்களில் கம்ப்யூட்டரை மாட்டி, இந்தக் காருக்கு இனி எல்இடி என்று பதிந்து மாற்றலாம், சிலவற்றில் அதுவும் முடியாது. விற்றவரிடம் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். மாட்டியதை, வயர் இழுத்ததை எடுக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் லைட்டின் பணம் முழுதாகப் போனது. வெட்டிய கனெக்டரைச் சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மறுபடி சேர்க்கத் தனிச் செலவு. கனெக்டர் சேரவில்லை என்றால் அது உங்கள் லைட் இல்லை. வயரை வெட்டச் சொல்கிற யாருக்கும் தலையாட்டாதீர்கள்.

இந்த நாட்களில் வண்டியைப் பகலில் மட்டும் எடுத்தேன். ஒருநாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப நேரமாகிவிட்டது, இருட்டிவிட்டது. இடது பக்கம் லைட்டே இல்லாமல் வந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த வண்டி கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. அவர் இறங்கிவந்து திட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது. அம்மா வீடு வரும் வரை பேசவே இல்லை. விளக்கு சரியாகும் வரை இருட்டில் வண்டி எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இரண்டாவது தடவை கவனமாகத்தான் இருந்தேன். ஃபேஸ்லிஃப்ட்டுக்கு முந்தையது, பல்பு வைத்தது, ஆறு பின் கனெக்டர் என்று எல்லாம் கேட்டு, கனெக்டருக்குப் படமும் வாங்கிப் பார்த்தேன். வந்தது, மாட்டினேன், டக்கென்று சேர்ந்தது. பார்க்கிங் லைட், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் சரி. நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, பின்சுவரில் வெள்ளை வெளிச்சத்துக்குப் பதில் பளீரென்று சிவப்பு. இறங்கிப் போய்ப் பார்த்தால், வெள்ளை இருக்க வேண்டிய கட்டம் சிவப்பாக இருக்கிறது. இரவில் கண்ணில் படவே இல்லை.

அந்த லைட் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற காரிலிருந்து வந்தது. என் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம். பல கார்களில் ஒரு பக்கம் ரிவர்ஸ் லைட், மறுபக்கம் பின்புற ஃபாக் லைட் என்று வைத்திருப்பார்கள். பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்குத் தெரிவதற்கான அழுத்தமான சிவப்பு விளக்கு அது. ஒன்றுதான் வைக்கிறார்கள் என்றால் அது சாலையின் நடுப்பக்கமாக இருக்க வேண்டும் என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி. சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிற நாடுகளில் அது வலது லைட்டில் வரும், வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகளில் இடது லைட்டில் வரும். அதாவது எனக்கு வந்த இடது லைட்டில் ரிவர்ஸ் விளக்கு இருக்க வேண்டிய கட்டத்தில் ஃபாக் விளக்கு இருந்தது. பல்பு இடம், பின், வயர் எல்லாம் ஒன்றுதான், மேலே இருக்கிற மூடியின் நிறம் மட்டும் வேறு. அமெரிக்கச் சந்தைக்குப் போகும் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பின் இண்டிகேட்டர் சிவப்பாகவே இருக்கலாம், ஐ.நா. விதியைப் பின்பற்றும் நாடுகளில் அது ஆரஞ்சாகத்தான் இருக்க வேண்டும். வாங்கப் போகும் லைட்டின் மூடியைக் கிட்டத்தில் பாருங்கள், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐ.நா. விதிப்படி அங்கீகாரம் பெற்றது. அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைச் சொல்லும், 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. அமெரிக்கச் சந்தைக்கானதில் 'எஸ்ஏஇ', 'டிஓடி' என்ற எழுத்துகள் இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கிற லைட்டும் உண்டு, அதனால் குறியை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு கட்டமும் என்ன நிறம் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த வாரமே மழை. டிக்கியைத் திறந்தால் ஈர வாடை. ஸ்டெப்னி வைக்கிற குழியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. லைட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில், தண்ணீர் புகாமல் தடுக்க ஒரு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் வர வேண்டும். பழைய காரிலிருந்து கழற்றும்போது அது அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், லைட்டோடு வந்திருந்தாலும் வருஷக்கணக்காக அழுத்தி அழுத்திச் சப்பையாகியிருக்கும். எனக்கு வந்ததில் பாதி கேஸ்கெட்தான் இருந்தது, நான் பார்க்கவே இல்லை. இந்த விற்பனையாளர் நல்லவர், லைட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஆனால் போகவர கூரியர் என் தலையில். நான் கட்டி அனுப்பிய விதமும் சரியில்லை, வழியில் போல்ட் நிற்கிற காது ஒன்று உடைந்துபோய், அதற்கும் பிடித்துக்கொண்டுதான் பணம் தந்தார்.

மூன்றாவது தடவைக்கு முன் மனசு விட்டுப்போயிருந்தது. சரி, கடன் வாங்கியாவது புதிதே வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டிய வயரைச் சரிசெய்து கொடுத்த வயதான மெக்கானிக் ஒருவர், முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, அந்தப் பக்க லைட் நல்லாத்தானே இருக்கு? அதைக் கழட்டிப் பார்த்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. ஐந்து வாரமாக என் காரிலேயே, வலப்பக்கத்தில், எல்லா விடையும் இருந்திருக்கிறது. டிக்கி உள்பக்கம் ஒரு மூடியைத் திறந்து, இரண்டு நட்டைக் கழற்றினால் வந்துவிட்டது, பத்து நிமிஷம்கூட இல்லை. பின்னால் ஸ்டிக்கரில் பார்ட் நம்பர்.

இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். லைட்டின் மேல் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கும். கார் கம்பெனி எண் ஒன்று, லைட்டைச் செய்து கொடுத்த கம்பெனியின் எண் ஒன்று. ஹெல்லா, வேலியோ, கொய்ட்டோ, ஸ்டான்லி போன்ற கம்பெனிகள் பல கார் கம்பெனிகளுக்கு லைட் செய்து கொடுக்கின்றன, அவர்கள் எண் மூடியிலேயே அச்சாகியிருக்கும். பிளாஸ்டிக் உடம்பில் மட்டும் அச்சாகியிருக்கும் எண் சில சமயம் அந்த உடம்புக்கானது, முழு லைட்டுக்கானது அல்ல, அதனால் எல்லா எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். எண்ணின் கடைசியில் வரும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். பல கம்பெனிகளில் அந்த எழுத்துதான் திருத்தப்பட்ட வடிவத்தைக் காட்டும், பல்பா எல்இடியா என்பதே அதில் ஒளிந்திருக்கலாம். இடதும் வலதும் பல கம்பெனிகளில் பக்கத்துப் பக்கத்து எண்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இடது ஒற்றைப்படை, வலது இரட்டைப்படை, 945 095 இடது என்றால் 945 096 வலது. எல்லாக் கம்பெனியிலும் இப்படி இருக்காது, அதனால் ஊகித்து வாங்கக் கூடாது. நான் வலது எண்ணையும், காரின் 17 எழுத்து சேசிஸ் நம்பரையும் எடுத்துக்கொண்டு, ஷோரூமின் உதிரி பாகப் பிரிவில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் பார்த்து இடது எண்ணைச் சொன்னார். அவரிடம் ஒன்றும் வாங்காமலே சொன்னார், நன்றி. இப்போது தேடும்போது கார் பெயரே போடவில்லை, எண்ணை மட்டும் போட்டேன். நூற்றுக்கணக்கில் வந்த இடத்தில் நான்கு வந்தது.

அந்த நான்கு பேரிடமும் ஒரே கேள்விகள்தான். பின்பக்கம் முழுதாக ஒரு படம், எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், கனெக்டரின் வாய் தெரிகிற மாதிரி ஒன்று, போல்ட் நிற்கிற காதுகள் கிட்டத்தில், மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று. கடைசிப் படம் முக்கியம், மயிரிழை விரிசல் அப்போதுதான் தெரியும், அதன் வழியாகத்தான் உள்ளே தண்ணீர் போகும். இடது வலது பற்றியும் எழுதிக் கேளுங்கள். காரில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது நம் இடக்கைப் பக்கம் எதுவோ அதுதான் இடது. லைட்டைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தால் மாறித் தெரியும், விற்பவர்கள் இதில் நிஜமாகவே தவறுகிறார்கள். "டிரைவர் பக்கம்" என்று எழுதியிருந்தால் எந்த நாட்டு டிரைவர் என்று கேளுங்கள். சில கார்களில் லைட் இரண்டு துண்டு, உடம்பில் ஒன்று, டிக்கி கதவில் ஒன்று, எதை விற்கிறார் என்பதையும் கேளுங்கள். பல்பு ஹோல்டர் சேர்த்தா, இல்லாமலா என்பதும் கேட்க வேண்டும். ஹோல்டரில் எர்த் (கரண்ட் திரும்பிப் போகும் வழி) வருகிற தகடு சூட்டில் கருகியிருந்தால் அதை வாங்காதீர்கள், பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிற நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. நான்கில் இருவர் பதிலே போடவில்லை. ஒருவர் அனுப்பிய படத்தில் கடைசி எழுத்து வேறு. நான்காமவர் எல்லாம் அனுப்பினார், 12 வோல்ட் பேட்டரியில் ஒவ்வொரு விளக்காக எரியவைத்து வீடியோவும் அனுப்பினார்.

வந்ததும் மாட்டவில்லை. வலது லைட்டை மறுபடி கழற்றி இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கனெக்டர், பின்களின் இடம், காதுகள், பல்புகளின் அடியில் இருக்கும் முளைகள் வரை ஒப்பிட்டேன். இண்டிகேட்டருக்குப் போடுகிற ஆரஞ்சு பல்புக்கு முளைகள் கொஞ்சம் தள்ளி இருக்கும், அதற்கான ஹோல்டரில் வெள்ளை பல்பு உட்காராது. புதிய கேஸ்கெட் தனியாக வாங்கிப் போட்டேன். நட்டைக் கையாலேயே முறுக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் வைத்தேன். இறுக்கி முறுக்கினால் பழைய பிளாஸ்டிக் காது உடைந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, அரை மணி நேரம் கழித்து டிக்கியில் கைவைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை.

இருட்டியதும் அம்மாவைப் பின்னால் நிற்கச் சொன்னேன். நான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன், அம்மா நிறத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சிவப்பு, இன்னும் பிரகாசமாகச் சிவப்பு, ஆரஞ்சு, ரிவர்ஸ் போட்டதும் "வெள்ளைப்பா" என்றார். டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை. பகலில் பார்த்தால் இடது லைட் கொஞ்சம் அடர்த்தியான சிவப்பு, வலது பல வருஷம் வெயிலில் நின்று வெளிறிப்போனது. அது அப்படியே இருக்கட்டும். இரண்டு லைட்டின் பின்பக்கப் படங்களும் சேசிஸ் நம்பரும் இப்போது ஃபோனில் ஒரே இடத்தில் இருக்கின்றன, தம்பி காரின் லைட்டுகளையும் போன ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.